சங்கத்தில் சேர்வது நீங்களா, உங்கள் வீடா?

அட்லாண்டா புறநகரில், எழுபதுகளில் கட்டிய வீடு ஒன்றை வாங்கிக் குடிவந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கதவிடுக்கில் மூன்று பக்கப் படிவம். எங்கள் தெருக்களுக்கான எச்.ஓ.ஏ., அதாவது வீட்டு உரிமையாளர் சங்கம், விருப்பம் இருந்தால் சேரலாம், நீச்சல்குளமும் டென்னிஸ் மைதானமும் உண்டு. பிள்ளைகள் குளத்தை ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். நானும் கையெழுத்துப் போட்டு, காசோலையோடு பொருளாளர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலையிலேயே ஓடிப்போய் அதைத் திரும்ப வாங்கினேன். ஏன் என்பதற்குத்தான் இந்தப் பதிவு.

நான் சொல்வது ஜார்ஜியா கதை. மற்ற மாநிலங்களில் சட்டம் மாறும், பார்க்கவேண்டிய இடங்கள் பெரிதாக மாறாது.

படி 1: உண்மையிலேயே விருப்பச் சங்கமா?

வீட்டு விற்பனை விளம்பரத்தில் எச்.ஓ.ஏ. கட்டணம் என்று ஒரு கட்டம் இருக்குமே, அதை நம்பாதீர்கள். கட்டாயக் கட்டணத்தையும் விருப்பச் சந்தாவையும் ஒரே கட்டத்தில் போடுகிறார்கள். ரியல்டர், அதாவது வீட்டுத் தரகர், வாய்வார்த்தையும் வேண்டாம். குளோசிங்கை, அதாவது வீடு உங்கள் பெயருக்குக் கைமாறியதை ஒட்டிக் கிடைத்த டைட்டில் இன்சூரன்ஸ் (வீட்டு உரிமைக்கான காப்பீடு) பாலிசியை எடுங்கள். அதில் ‘ஷெட்யூல் பி’ என்ற பகுதியில், இவற்றுக்கெல்லாம் நாங்கள் பொறுப்பில்லை என்று ஒரு பட்டியல் இருக்கும். மனைமேல் பதிவான கட்டுப்பாடுகள், கட்டாயச் சங்கம் உட்பட, அங்கேதான் வரும். ஊரில் வில்லங்கம் பார்ப்போமே, கிட்டத்தட்ட அதேதான்.

படி 2: பழைய கட்டுப்பாடு உயிரோடு இருக்கிறதா?

சேராவிட்டால் எந்த விதியும் நம்மைக் கட்டாது என்று நினைத்திருந்தேன். தப்பு. மனைமேல் பதிவான கவனன்ட், அதாவது கட்டுப்பாட்டுப் பத்திரம், உயிரோடு இருந்தால் சந்தா கட்டாதவரையும் கட்டும். அதே மனைப்பிரிவில் உள்ள பக்கத்து வீட்டுக்காரரே வழக்குப் போடலாம்.

ஆனால் ஜார்ஜியாவில் ஒரு விசேஷம். எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் ஸோனிங் விதிகள் உள்ள இடங்களில் கவனன்ட்டின் ஆயுள் 20 ஆண்டுதான். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதி 1993-இல்தான் சட்டத்தில் வந்தது. அதற்கு முன் பதிவானவற்றுக்கு அது பொருந்தாது என்று நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. எங்கள் கவனன்ட் 1978-இல் பதிவானது. அப்படியானால் 1998-இலேயே கதை முடிந்துவிட்டது. இந்தக் கணக்கை நீங்களாகப் போட்டுப் பாருங்கள், ஆனால் முடிவாக நம்புவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

பத்திரங்களைத் தேட, மாநிலத்தின் சுப்பீரியர் கோர்ட் கிளார்க்குகள் சேர்ந்து நடத்தும் இணையதளம் உண்டு. கட்டணக் கணக்கு தேவை. முகவரி போட்டுத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். சங்கத்தின் பெயர், மனைப்பிரிவின் பெயர், முந்தைய உரிமையாளர் பெயர், இந்த மூன்றையும் தனித்தனியாகப் போடுங்கள். ரொம்பப் பழைய பத்திரம் அதில் கிடைக்காது. கவுண்டி நீதிமன்றத்தின் டீட் ரூமுக்கு (பத்திர அறைக்கு) நேரில் போகவேண்டும். எனக்கு அதுவே பிடித்திருந்தது. கவுண்டரில் இருந்த அம்மாள், இணையத்தில் நான் இரண்டு ராத்திரி தேடியதை ஐந்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தார்.

படி 3: படிவத்தின் கடைசிப் பக்கத்தை முதலில் படியுங்கள்

நான் சறுக்கிய இடம் இதுதான், கொஞ்சம் நின்று போவோம்.

முதல் பக்கத்தில் இரண்டு கட்டங்கள். ஒன்று ‘ஆண்டு உறுப்பினர்’, இன்னொன்று ‘நிரந்தர உறுப்பினர்’. நிரந்தரத்துக்குச் சேர்க்கைக் கட்டணம் தள்ளுபடி. யாராக இருந்தாலும் எதில் டிக் அடிப்பார்கள்? நானும் அடித்தேன். மூன்றாம் பக்கத்தில் கையெழுத்துக்கான இடத்தில், என் பெயருக்கு நேரே கையெழுத்தும் போட்டிருந்தேன். ராத்திரி சாப்பிடும்போது, போனில் எடுத்துவைத்திருந்த படத்தைப் பார்த்துவிட்டு மனைவி கேட்டாள்: “நீச்சல்குளத்துக்கு எதுக்குங்க நோட்டரி?”

பெரிதாக்கிப் பார்த்தேன். கீழே நோட்டரிக்கு ஓர் இடம், இன்னொரு சாட்சிக்கு ஓர் இடம். நடுவில் எங்கள் மனையின் லேண்ட் லாட் எண், டிஸ்ட்ரிக்ட் எண், வரைபடப் புத்தகத்தின் பக்க எண். ஜார்ஜியாவில் நிலப் பத்திரத்தைப் பதிவு செய்யத்தான் இப்படி இரண்டு சாட்சி வேண்டும், அதில் ஒருவர் நோட்டரி போன்ற அதிகாரம் உள்ளவராக இருக்கவேண்டும். கிளப் சந்தாவுக்கு இதெல்லாம் தேவையே இல்லை.

என் பெயரைச் சங்கத்தில் சேர்ப்பதாக நினைத்து, என் மனையையே சேர்க்கக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பத்திரம் பதிவானால் அது நிலத்தோடு போகும். நான் விற்றாலும் வாங்குபவர் தானாக உறுப்பினர், அவர் விலகவும் முடியாது. படிவத்தின் இணைப்பில் சொன்ன புது விதித்தொகுப்பும் மனைமேல் ஏறும். வேலி உயரம், வெளிச்சுவர் வண்ணம் என்று 1998-இல் செத்துப்போன விதிகள் எல்லாம் அதில் இருந்தன. என் மனையில் அவற்றுக்கு நானே உயிர் கொடுக்க இருந்தேன்.

எங்கள் படிவத்தில் இன்னொரு வரியும் இருந்தது, மனை 1994-ஆம் ஆண்டு ஜார்ஜியா மனை உரிமையாளர் சங்கச் சட்டத்துக்கு உட்படும் என்று. அந்தச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டால் கட்டாத சந்தா தானாக வீட்டின்மேல் லீன், அதாவது கடன் பிணை ஆகிவிடும். பாக்கி 2,000 டாலரைத் தொட்டால் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோக வழக்கே போடலாம். அப்புறம், மூன்றில் இரண்டு பங்கு ஓட்டில் விதிகளை மாற்றலாம். நீங்கள் எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்தாலும் அது உங்களைக் கட்டும்.

பொருளாளரை வில்லனாக்க வேண்டாம். எழுபது வயது மனிதர், சனிக்கிழமை காலை காபி கொடுத்து, காகிதத்தையும் கையில் கொடுத்தார். “நோட்டரி இன்னும் வரவில்லை, அதனால் ஒன்றும் ஆகவில்லை” என்று சிரித்தார். நிரந்தர உறுப்பினர்கள் இல்லாவிட்டால் அடுத்த முறை குளத்துக்குப் பூச்சு வேலை வரும்போது பணத்துக்கு எங்கே போவது என்பது அவர் கவலை. நியாயமான கவலைதான்.

படி 4: சங்கத்தின் கணக்கு

தலைவரிடம் கேட்காதீர்கள், பொருளாளரிடம் கேளுங்கள். தலைவர் திட்டம் சொல்வார், பொருளாளர்தான் கையிருப்பைச் சொல்வார். சென்ற ஆண்டு வரவு செலவு, சேமிப்பு நிதி, பொறுப்புக் காப்பீட்டுச் சான்று, துணை விதிகள், இவ்வளவு போதும். தரத் தயங்கினால் அதுவே ஒரு பதில்.

மொத்த வீடு எத்தனை, கட்டுபவர்கள் எத்தனை என்பதையும் கேளுங்கள். எங்களிடம் பாதிப் பேர்கூடக் கட்டுவதில்லை. குளத்துக்கு ஆகும் செலவு மட்டும் குறையாது.

மாநிலச் செயலர் அலுவலகத்தின் நிறுவனத் தேடலில் சங்கத்தின் பெயரைப் போட்டுப் பாருங்கள், அது இலவசம். ஆண்டுப் பதிவைப் புதுப்பிக்காத சங்கத்தை நிர்வாக ரீதியாகக் கலைத்துவிடுவார்கள், அந்த நிலை அங்கே தெரியும். வரிவிலக்குச் சங்கமாக இருந்தால் ஐ.ஆர்.எஸ். (மத்திய வரித்துறை) தளத்தில் படிவம் 990 என்ற ஆண்டுக் கணக்கு அறிக்கை கிடைக்கலாம். ஆண்டு வரவு வழக்கமாக 50,000 டாலருக்குள் இருந்தால் 990-என் என்ற மின் அஞ்சலட்டை மட்டும் போதும் என்பதால், அதில் கணக்கு எதுவும் இருக்காது.

பிறகு சேர்த்தது

முந்தைய உரிமையாளரே நிரந்தரக் கையெழுத்துப் போட்டிருந்தால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். அப்படியானால் உங்களுக்குத் தேர்வே கிடையாது, வாங்கும்போதே உறுப்பினர்தான். வாங்குவதற்கு முன் என்றால், குளோசிங்கை நடத்தும் வழக்கறிஞரிடம் சங்கத்தின் பெயரைச் சொல்லி, அந்தப் பெயரில், மனையைச் சங்கத்தில் சேர்க்கும் சம்மதப் பத்திரம் பதிவாகி இருக்கிறதா என்று மின்னஞ்சலில் கேளுங்கள். பதிலும் எழுத்தில் வரட்டும்.

இன்னொருவர், நிரந்தரமாகச் சேர்வது எப்போதுமே தவறா என்று கேட்டார். இல்லை. சேமிப்பு நிதி நன்றாக இருந்து, விதிகளைப் படித்து ஒத்துக்கொண்டால் சேரலாம், வாங்க வருபவர்களில் சிலர் அப்படிப்பட்ட வீட்டைத்தான் தேடுகிறார்கள். தெரிந்து செய்யுங்கள், அவ்வளவுதான்.

நாங்கள் ஆண்டு உறுப்பினர் ஆனோம். மெமோரியல் டே அன்று குளம் திறந்ததும் பிள்ளைகள்தான் முதலில் குதித்தார்கள். இந்த வசந்தத்தில் அதே படிவம் மறுபடி வந்தது. ஸ்டேப்பிளைப் பிரித்து, முதல் இரண்டு பக்கத்தை மட்டும் காசோலையோடு கொடுத்தேன். பொருளாளர் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, “மூன்றாவது பக்கம் அடுத்த வருடமா?” என்றார்.