எல்லையோரப் பேரூராட்சியில் சாலை, பேருந்து, இணையம் கேட்கும் முறை

களியக்காவிளை, ஊத்துக்கோட்டை, பள்ளிப்பட்டு போன்ற மாநில எல்லையோரப் பேரூராட்சிகளில் இருந்து செல்லும் கோரிக்கைகள் பல, நிதி இல்லை என்பதைவிட, அதிகாரம் இல்லாத அலுவலகத்தில் கொடுக்கப்பட்டதால்தான் தேங்கிக் கிடக்கின்றன என்பது என் கணிப்பு. ஆகவே மனு எழுதும் முன், கேட்கும் பொருள் யாருடைய கையில் இருக்கிறது என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அரசமைப்பின் 74-ஆவது திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 12-ஆவது அட்டவணை, நகர்ப்புற உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைக் கூறுகிறது. தெருவிளக்கு, குடிநீர், குப்பை அகற்றல், ஊருக்குள் இருக்கும் சாலை ஆகியவை அதில் அடங்கும். ஆனால் களியக்காவிளையின் முதன்மைச் சாலையான தேசிய நெடுஞ்சாலை 66-இல் பள்ளம் விழுந்தால் பேரூராட்சி அதைத் தன் பொறுப்பில் சீரமைக்க இயலாது. மாநில நெடுஞ்சாலைக்கும் இது பொருந்தும். அதற்கு நெடுஞ்சாலைத் துறையின் கோட்ட அலுவலகத்தையே அணுக வேண்டும்.

பொறுப்பு யாருடையதாக இருந்தாலும், கோரிக்கை மன்றத் தீர்மானமாகச் செல்வது நல்லது. தனிமனிதர் மனுவுக்கு ஓர் ஒப்புகைச் சீட்டு கிடைக்கும். மன்றத் தீர்மானத்தையோ, தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பின் முடிவு என்பதால், ஒதுக்கிவைப்பது கடினம். வார்டு உறுப்பினர் வழியாகவோ தலைவரிடம் நேரிலோ எழுத்து மூலம் கொடுத்து, அடுத்த மன்றக் கூட்டத்தின் பொருள் நிரலில் சேர்க்கச் செய்யுங்கள். ஒரு தீர்மானத்தில் ஒரே கோரிக்கை இருக்கட்டும். "போக்குவரத்து வசதி மேம்பட வேண்டும்" என்று பொதுவாக எழுதாமல், சாலையின் தொடக்கம், முடிவு, நீளம், புல எண், எந்தத் துறை என்ன செய்ய வேண்டும் என்பவற்றைக் குறிப்பிட வேண்டும். தீர்மானம் நிறைவேறியதும் செயல் அலுவலரிடம் சான்றிட்ட நகல் பெற்றுக்கொள்ளுங்கள்.

எல்லை ஊர்களில் மிகவும் சிக்கலானது பேருந்துதான். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 88-ஆவது பிரிவுப்படி, ஒரு மாநிலம் வழங்கிய அனுமதி அடுத்த மாநிலத்தில் செல்ல, பொதுவாக அங்கே மேலொப்பம், அதாவது அந்த மாநிலப் போக்குவரத்து அதிகார அமைப்பின் ஒப்புதல் கையொப்பம், பெற வேண்டும். எந்தத் தடத்தில் எத்தனை நடைகள் என்பதை இரு மாநில அரசுகளும் போக்குவரத்து ஒப்பந்தம் செய்து முடிவு செய்கின்றன. நீங்கள் கேட்கும் தடம் அந்த ஒப்பந்தத்தில் இல்லையென்றால் பணிமனை மேலாளரிடம் எத்தனை மனு கொடுத்தும் பயனில்லை, ஏனெனில் அவரால் அங்கே ஒரு பேருந்தைக்கூட அனுப்ப முடியாது. எனவே தடம் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று முதலில் கேட்டறியுங்கள். இருந்து, நடைகள் மட்டும் இயக்கப்படாமல் இருந்தால், அரசுப் போக்குவரத்துக் கழகத்திடம் கேட்கலாம். இல்லையென்றால், அடுத்த ஒப்பந்தத் திருத்தத்தில் சேர்க்குமாறு போக்குவரத்துத் துறைக்குத் தீர்மானம் அனுப்ப வேண்டும். இங்கேதான் எதிர்ப்பக்கத்து உள்ளாட்சியின் துணை தேவைப்படுகிறது. களியக்காவிளை மன்றம் கேட்கும் தடத்தையே கேரளத்தின் பாறசாலை கிராம ஊராட்சியும் தன் அரசிடம் கேட்டால், பேச்சுவார்த்தைக்கு அமரும் இரு தரப்பும் ஒரே கோரிக்கையைக் கையில் வைத்திருக்கும். இரு தீர்மானங்களுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு இணைப்பது தாமதத்தைக் குறைக்கும். அதுவரை, எல்லை வரை வந்து திரும்பும் இரு மாநிலப் பேருந்துகளின் நேரங்களை ஒன்றுக்கொன்று இசைவாக மாற்றும்படி இருபக்கப் பணிமனைகளையும் கேட்கலாம். இதற்குப் புதிய அனுமதி எதுவும் வேண்டியதில்லை. பெரிய திட்டங்களைப் பேசும் ஆர்வத்தில் இந்தச் சிறிய வழியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

இணையத்தில் வேறொரு குழப்பம் உண்டு. மத்திய அரசின் கண்ணாடி இழை இணையத் திட்டமான பாரத்நெட் கிராம ஊராட்சிகளுக்கானது. பேரூராட்சி அதன் பெயரில் கண்ணாடி இழை இணைப்பு கேட்டால் கோரிக்கை திரும்பிவரும். கைபேசிச் சேவையில் தமிழ்நாடும் கேரளமும் தனித்தனி உரிமப் பகுதிகள் என்பதால், எல்லைத் தெருக்களில் அடுத்த மாநிலக் கோபுரத்தின் அலைவரிசை கிடைப்பது இயல்பு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி நிறுவனங்கள் தங்கள் சேவைப்பரப்பு வரைபடத்தை இணையதளத்தில் வெளியிட வேண்டும். அந்த வரைபடம் சேவை உண்டு என்று காட்டும் தெருக்களில் உண்மையில் இணைப்பு கிடைக்காத இடங்களைக் குறித்து, முறையீட்டுடன் இணையுங்கள். கம்பிவழி இணைப்புக்கு, பேரூராட்சி தன் சாலையைப் புதிதாகப் போடும் முன் நிறுவனங்களை அழைத்துக் குழாய் பதிக்கச் சொல்வதே சிறந்தது. 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள, தொலைத்தொடர்புக் கம்பிகளைப் பிறர் இடத்தின் வழியே கொண்டுசெல்வதற்கான வழியுரிமை விதிகள் இத்தகைய அனுமதிக்கான நடைமுறையைத் தெளிவுபடுத்தியுள்ளன.

நிதிக்கு, சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியையும், ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் கொண்ட நாடாளுமன்ற உறுப்பினர் நிதியையும் அணுகலாம். ஊர் மக்கள் பங்களிக்கத் தயாராக இருந்தால் 'நமக்கு நாமே' திட்டமும் உண்டு.

அனுப்பிய தீர்மானத்துக்குப் பதில் வரவில்லையென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பித்து, கோப்பு எந்தத் தேதியில் யாரிடம் இருந்தது, அவர் என்ன குறிப்பு எழுதினார் என்று கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்; தவறினால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். கோப்பு அண்டை மாநிலத்துக்கு அனுப்பப்பட்டது என்று பதில் வந்தால், அந்த மாநிலத் துறைக்கும், அங்குள்ள கட்டண விதிப்படி, நீங்களே விண்ணப்பிக்கலாம். இந்தச் சட்டம் இந்தியக் குடிமக்கள் அனைவருக்கும் உரியது என்பதால், நீங்கள் அங்கே வசிப்பவராக இருக்க வேண்டியதில்லை.