அஸ்தியோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு

பெட்டியில் என்ன அடுக்குவது, என்ன மருந்து எடுத்துக்கொள்வது என்பதெல்லாம் நம் மொரீசியஸ்காரர்களுக்குத் தெரியும். துணையைப் பறிகொடுத்துவிட்டு, அஸ்தியோடு தமிழ்நாட்டுக்குப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். 41 வருடம் என்னோடு வாழ்ந்தவளைப் போன மே மாதம் அப்படித்தான் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

கலசம் மரத்திலோ மண்ணிலோ இருக்கட்டும். உலோகமாக இருந்தால் எக்ஸ்ரேயில் உள்ளே இருப்பது தெரியாது, சோதனையில் சிக்கல் வரும். இறப்புச் சான்றிதழும் தகனச் சான்றிதழும் கைப்பையிலேயே இருக்கட்டும். வேறு என்ன கடிதம் வேண்டும் என்று போர்ட் லூயிஸ் இந்தியத் தூதரகத்தில் டிக்கெட் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

காவிரியில் கரைக்க நினைத்தால் மே மாதம் வேண்டாம். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல்தான் திறப்பார்கள்; தண்ணீர் கும்பகோணம் பக்கம் வந்துசேர இன்னும் சில நாள் ஆகும். நான் போனபோது ஆறு முழுக்க மணல், பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். "காவிரியில கரைச்சிடுங்க" என்று அவள் ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். வேறு எதையும் கேட்டு எனக்கு ஞாபகம் இல்லை. பூம்புகார் வரை போய், ஆறு கடலில் சேரும் இடத்தில் கரைத்தேன்.

அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. ஊர் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, காபி டம்ளரைக் கீழே வைத்த கையோடு மைத்துனர் சொன்னார்: "அத்தான், நீங்க கிளம்பறதுக்குள்ள அக்கா பேரைப் பட்டாவிலேர்ந்து எடுத்துடணும்." மாமனார் விட்டுப்போன மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர். கூட்டுப் பட்டாவில் அவள் பெயரும் இருந்தது. அஸ்தியை வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்று மாட்டுக்கொட்டகை உத்தரத்தில் கட்டியிருந்தார்கள். அவர் பேசும்போது நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கெட்டவர் அல்ல. அந்த நிலத்தை உழுதவர், மாமியாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவர். நாங்கள் 1983-லேயே கிளம்பி வந்துவிட்டோம். மாமனார் போனபோது பதின்மூன்றாம் நாள் கழித்துத்தான் அவளால் ஊருக்கு வர முடிந்தது. முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

21 நாள் பயணத்தில் 13 நாள் ஒரு தாலுகா ஆபீஸ் பெஞ்சில் போனது. இறப்புச் சான்றிதழில் அப்போஸ்டில் முத்திரை, அதாவது ஒரு நாட்டுக் காகிதம் இன்னொரு நாட்டில் செல்ல வைக்கும் முத்திரை, இல்லை என்று முதல் நாளே திருப்பி அனுப்பினார்கள். அந்த முத்திரையை ஏற்கும் நாடுகளின் உடன்படிக்கையில் மொரீசியஸும் இருக்கிறது, இந்தியாவும் 2005-ல் சேர்ந்துவிட்டது, ஆகவே அந்த முத்திரை செல்லும். ஆனால் மொரீசியஸ் காகிதத்துக்கு மொரீசியஸில்தான் வாங்க முடியும். அங்கே காத்ர் போர்ன் நகரில் இருக்கும் நண்பர் புது நகல் எடுத்து, முத்திரை வாங்கி, கூரியரில் அனுப்பினார். இரண்டு மூன்று நகலுக்கு முத்திரை வாங்கிக்கொண்டு புறப்படுங்கள்.

அடுத்து பெயர். இந்தியக் காகிதங்களில் அப்பாவின் முதலெழுத்தோடு இருந்தாள். மொரீசியஸ் பாஸ்போர்ட்டில் என் பெயர் அவளுக்குக் குடும்பப் பெயர். "ரெண்டு பேரும் ஒரே ஆள்னு எப்படி சார் நம்புறது?" என்று கேட்டார் அங்கிருந்த எழுத்தர். ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க ஒரு வாரம் அலைந்தேன். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதிமொழிப் பத்திரத்தை இருவரும் உயிரோடு இருக்கும்போதே போட்டுவையுங்கள். இன்றைக்கே போடுங்கள்.

அப்புறம் வாரிசுச் சான்றிதழ்.

"பிள்ளைங்க?"

"இல்லை."

"இல்லைன்னு எழுதிக் கொடுங்க. தத்தும் இல்லைன்னு சேர்த்து எழுதுங்க."

வெளியே வேப்பமரத்தடியில் டைப் அடிப்பவர், "ஆண் சந்ததியோ பெண் சந்ததியோ கிடையாது" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே அடித்தார். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதன் கீழே கையெழுத்துப் போட எனக்கு வெகுநேரம் ஆயிற்று. காத்ர் போர்னில் சனிக்கிழமைதோறும் இருபது பிள்ளைகளுக்கு முருகன் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவள் அவள். தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்காக ஒவ்வொரு வரிக்கும் கீழே பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்த ஐந்து நோட்டு வீட்டில் இருக்கிறது. தைப்பூசத்துக்குப் பத்து நாள் இருவரும் விரதம் இருப்போம். பாத யாத்திரையில் அந்தப் பிள்ளைகள் அவளைச் சுற்றியே நடப்பார்கள். கோர் தெ கார்ட் மலைக்கோயில் ஏறியதும் முதல் வேலையாகப் பால் சொம்பைத் திறந்து பார்ப்பாள், பால் திரியவில்லை என்றால்தான் முகம் மலரும்.

இத்தனைக்கும் பிறகுதான் ஒரு வக்கீலைப் பார்த்தேன். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம், 15-ஆம் பிரிவு. தாய் தகப்பன் வழியில் பெண்ணுக்கு வந்த சொத்து, உயிலும் இல்லை, பிள்ளை பேரப்பிள்ளைகளும் இல்லை என்றால், கணவனுக்கு வராது. அவள் தகப்பனின் வாரிசுகளுக்கே திரும்பும். என் பங்கை விட்டுக்கொடுப்பதாக மைத்துனர் எழுதிக் கேட்ட விடுதலைப் பத்திரத்துக்கு அவசியமே இல்லை, விட்டுக்கொடுக்க எனக்கு அதில் ஒன்றும் கிடையாது. அவள் இறந்ததற்கும் எங்களுக்குப் பிள்ளை இல்லாததற்கும் சான்றுதான் அவருக்குத் தேவை. ஆகவே முதல் நாளே வக்கீலிடம் போங்கள். அதற்கும் முன்னால் அஸ்தியைக் கரைத்துவிடுங்கள். அது முடியும்வரை யார் கேட்டாலும் ஆபீஸ் வாசலை மிதிக்காதீர்கள். நான் மிதித்தேன், இன்னும் ஆறவில்லை.

கடைசி நாள் மட்டும் எனக்கென்று வைத்துக்கொண்டு சுவாமிமலை போனேன். எங்கள் கல்யாணம் அங்கேதான். தமிழ் வருடங்கள் அறுபதுக்கும் ஒவ்வொன்றாக அங்கே 60 படி. அவள் பிறந்தது விளம்பி, 32-ஆவது. 2018-ல் அதே விளம்பி திரும்ப வந்தபோது அவளுக்கு அறுபது; எண்ணிக்கொண்டே ஏறி, அந்தப் படியில் உட்கார்ந்து, "இது என் படி, நீங்க போய்ட்டே இருங்க" என்றாள்.

இந்தத் தடவை நான் எண்ணினேன். கும்பகோணத்தில் வாங்கிய பாலைச் சொம்போடு அந்தப் படியில் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏறுகிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள். மேலே போய்ச் சொம்பைத் திறந்து பார்த்தேன். அந்த வெயிலிலும் பால் திரியவில்லை.