மகப்பேறு விடுப்பும் பணியிட வசதிகளும்: தமிழ்நாட்டுச் சிறு நிறுவன உரிமையாளர்களுக்கான செய்முறை விளக்கம்

ஒரு பெண் ஊழியர் தாம் கருவுற்றிருப்பதைத் தெரிவித்த பிறகுதான் பல சிறு நிறுவனங்கள் விடுப்புச் சட்டத்தைத் தேடத் தொடங்குகின்றன. அந்த அவசரத்தில் எடுக்கும் முடிவுகளில் பிழை நேர்வது எளிது; அதன் சுமை ஊழியர் மீதே விழுகிறது. கேட்பதற்கே தயங்கும் நிலையில் இருப்பவரிடம் விதிமுறையை விளக்கச் சொல்வது முறையன்று என்பதால், கீழ்க்காணும் வேலைகளை யாரும் கேட்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

முதல் படி: தலைக்கணக்கு

உங்கள் சம்பளப் பதிவேட்டில் உள்ள ஆண், பெண் அனைவரையும் எண்ணுங்கள். கடைகளையும் வணிக நிறுவனங்களையும் பொறுத்தவரை, பத்துப் பேர் இருந்தாலே மகப்பேறு நல விதிகள் பொருந்தும். தொழிற்சாலைக்கு இந்த எண்ணிக்கை வரம்பு கிடையாது. ஐம்பது பேரை எட்டினால், தனியாகவோ பிற நிறுவனங்களுடன் பொதுவாகவோ குழந்தைகள் காப்பகம் அமைக்க வேண்டும். தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே சென்றுவர அனுமதிக்கவும் வேண்டும். ஐம்பது என்பது பெண்களின் எண்ணிக்கை என்று பலர் தவறாகக் கருதுகிறார்கள். மொத்த ஊழியர்களின் எண்ணிக்கையையே சட்டம் குறிப்பிடுகிறது.

இரண்டாம் படி: பணம் யார் தருவது?

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, இஎஸ்ஐ எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் பதிவு பெற்ற ஊழியருக்கு மகப்பேற்றுப் பலனை இஎஸ்ஐ கழகமே வழங்கும். அதற்கு, முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் (ஒரு காலம் என்பது ஆறு மாதம்) அவருக்காகக் குறைந்தது 70 நாட்களுக்குப் பங்களிப்புச் செலுத்தியிருக்க வேண்டும். எனவே நீங்கள் பங்களிப்பைக் கட்டத் தவறினால் அவருடைய உரிமையே சிக்கலுக்கு உள்ளாகும். இஎஸ்ஐ வரம்புக்கு மேல் இருப்பவருக்கு நிறுவனமே பணம் தர வேண்டும். பிரசவ நாளுக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 80 நாட்கள் வேலை செய்திருப்பது அவருக்கான தகுதி. சம்பளத்துடன் கூடிய சட்டப்படியான விடுமுறை நாட்களும் அந்த எண்பதில் சேரும். தினக்கூலி பெறுபவர் என்பதற்காக மறுக்க இயலாது என்பதை உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே உறுதி செய்துவிட்டது.

மூன்றாம் படி: நாட்களையும் தொகையையும் கணக்கிடுதல்

முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரங்கள் விடுப்பு உண்டு. அதில் எட்டு வாரங்களுக்கு மேற்படாமல் பிரசவத்துக்கு முன்னர் எடுத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் உயிருடன் இருந்தால் 12 வாரங்கள். மூன்றாம் குழந்தைக்கு விடுப்பே இல்லை என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை. கருச்சிதைவுக்கு ஆறு வாரங்கள் தர வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். எதிர்பார்க்கப்படும் பிரசவ நாள் 2026 செப்டம்பர் 1 என்று கொள்வோம். எட்டு வாரம் முன்னதாக, அதாவது ஜூலை 7 அன்று விடுப்புத் தொடங்கினால், 182ஆவது நாள் 2027 ஜனவரி 4 ஆகும்; அவர் ஜனவரி 5 அன்று பணிக்குத் திரும்புவார். அவருடைய சராசரி நாள் கூலி 950 ரூபாய் என்றால், தர வேண்டிய தொகை 950 × 182 = 1,72,900 ரூபாய். இங்கேதான் பெரும்பாலான பிழைகள் நிகழ்கின்றன. வேலை நாட்களை மட்டும் எண்ணி 26 ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுவிட்டால் அவருக்கு 24,700 ரூபாய் குறைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமையும் கணக்கில் சேரும் என்று, கோயம்புத்தூர்த் தொழிலாளர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற ஒரு தோட்டத் தொழிலாளியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்திருக்கிறது.

சராசரி நாள் கூலியை விடுப்புக்கு முந்தைய மூன்று மாதக் கணக்கிலிருந்து எடுக்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல், பழைய மகப்பேறு நலச் சட்டத்துக்கு மாற்றாகச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்ததால், இப்போது இந்தக் கணக்கில் கூடுதல் கவனம் தேவை. வாரங்களின் எண்ணிக்கை மாறவில்லை. ஆனால் கூலிக்கான வரையறை மாறியிருக்கிறது. கூலியிலிருந்து விலக்கப்படும் படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி கூலியாகவே கொள்ளப்படும். அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துப் படிகளை உயர்த்தி வைத்திருக்கும் நிறுவனங்கள் தங்கள் சம்பளப் பட்டியலை முதலில் திருத்திக்கொள்ள வேண்டும்.

பிரசவத்துக்கு முந்தைய காலத்துக்கான தொகையை முன்பணமாகவும், மீதியைப் பிரசவச் சான்று கிடைத்த 48 மணி நேரத்துக்குள்ளும் கொடுக்க வேண்டும். விடுப்பில் இருப்பவரைப் பணிநீக்கம் செய்யக் கூடாது.

நான்காம் படி: இருக்கையும் பிற வசதிகளும்

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் சேர்க்கப்பட்ட 22-அ பிரிவின்படி, ஊழியர் அனைவருக்கும் தகுந்த இருக்கை இருக்க வேண்டும். துணிக்கடையிலும் நகைக்கடையிலும் நாள் முழுவதும் நின்றே வேலை செய்பவர்களுக்காக வந்த பிரிவு இது. இருக்கையை வாங்கி ஓர் அறையில் அடுக்கி வைப்பதால் இக்கடமை நிறைவேறாது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் ஊழியர் உட்கார வசதியாக அது வேலை செய்யும் இடத்திலேயே இருக்க வேண்டும். உட்கார்ந்ததற்காகக் கண்டிக்கக் கூடாது என்று மேற்பார்வையாளருக்கு எழுத்து மூலம் தெரிவிப்பது நல்லது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இன்படி ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும். இருபது பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் சிறப்பு விடுப்பு, உதவிக் கருவிகள், தடையற்ற நடமாட்டம், தொடர்பு அலுவலர் நியமனம் ஆகியவற்றையும் அதில் குறிப்பிட வேண்டும். ஓர் ஊழியர் வேலையைச் செய்வதற்கான தகுந்த மாற்றத்தைக் கேட்கும்போது, அது நிறுவனத்தால் தாங்க இயலாத சுமையா என்பதை ஆராயாமல் மறுத்துவிடாதீர்கள். சாய்தளமோ திரை வாசிப்பு மென்பொருளோ வேலை நேர மாற்றமோ எதுவாயினும், அவரோடு பேசி, எடுத்த முடிவையும் காரணத்தையும் தேதியிட்டுக் கோப்பில் வையுங்கள்.

ஐந்தாம் படி: எழுத்தில் தருதல்

மகப்பேற்றுப் பலன்களைப் பணியில் சேரும் நாளிலேயே எழுத்து மூலமும் மின்னணு வழியிலும் தெரிவிக்க வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த கடமை. நியமனக் கடிதத்துடன் தமிழில் ஒரு பக்கக் குறிப்பை இணையுங்கள். குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பாலூட்டுவதற்கு நாள்தோறும் இரண்டு இடைவேளைகள் உண்டு என்பதும், பணியின் தன்மை இடம் தந்தால் விடுப்புக்குப் பின் வீட்டிலிருந்து வேலை செய்வது குறித்து இருவரும் பேசி ஒப்புக்கொள்ளலாம் என்பதும் அக்குறிப்பில் இருக்கட்டும். பழைய மகப்பேறு நலச் சட்டத்தின் பெயர் உங்கள் படிவங்களில் இருந்தால் புதிய தொகுப்புச் சட்டத்தின் பெயரை இடுங்கள். ஒவ்வொரு ஜனவரியிலும் ஜூலையிலும் தலைக்கணக்கையும், இஎஸ்ஐ வரம்பையும், தொழிலாளர் துறையின் புதிய அறிவிக்கைகளையும் சரிபார்க்கும் பொறுப்பை ஒருவர் பெயரில் எழுதி வையுங்கள்.