கடை நடத்திய பெண்ணின் வாழ்க்கை வரலாற்றை எழுதும் முறை

சிறு நகரத்தில் ஐம்பது, அறுபது வருடம் மளிகைக் கடையோ அரிசி மில்லோ நடத்திய ஒரு பெண்மணியின் வரலாற்றை எழுத உட்காருபவர் முதலில் இடறுவது காகிதத்தில்தான். லைசென்ஸ் கணவர் பேரில் இருக்கும், மின் இணைப்பு மாமனார் பேரில் இருக்கும், விற்பனை வரிப் பதிவு மகன் பேரில் இருக்கும். கல்லாவில் உட்கார்ந்து சரக்குப் பிடித்து, விலை வைத்து, ஆளுக்குக் கூலி கொடுத்தவர் பேர் மட்டும் எதிலும் இருக்காது. அலுவலகப் பதிவுகளை நம்பி எழுதினால் ‘கணவருக்கு உறுதுணையாக இருந்தார்’ என்ற ஒரு வரிதான் மிஞ்சும். கடையின் சொந்த நோட்டுகளைப் படித்தால் மட்டுமே அவர் செய்த வியாபாரம் வெளியே வரும்.

தேடத் தொடங்குமுன் அவர் பேரை நான்கு விதமாக எழுதிக்கொள்ளுங்கள்: தகப்பனார் இனிஷியலுடன், கல்யாணத்துக்குப் பிறகு கணவர் இனிஷியலுடன், வீட்டில் கூப்பிடும் பேர், கடைப் பேரோடு ஒட்டிய பேர். பள்ளிக்கூடப் பதிவில் முதலாவது இருக்கும், பத்திரத்தில் இரண்டாவது, மொய் நோட்டில் பெரும்பாலும் கடைசி. ஒன்றை மட்டும் வைத்துத் தேடினால் பாதி ஆவணங்கள் கண்ணில் படாமலே போய்விடும். பிறந்த தேதியிலும் கவனம் வேண்டும். ஆதாரில் ஜனவரி 1 என்றிருந்தால், வருடம் மட்டும் சொல்லிப் பதிந்தது என்றே முதலில் எண்ணுங்கள். ஜாதகக் குறிப்பு இருந்தால் அதற்கே முதல் மதிப்பு.

அடுத்து நோட்டுகள். பரண், பீரோ அடித்தட்டு, பழைய டிரங்குப் பெட்டி ஆகிய மூன்று இடங்களைக் கட்டாயம் பாருங்கள். நாள்வழி (தினசரி வரவு செலவு), பேரேடு (ஆள்வாரிக் கணக்கு), கடன் நோட்டு, சீட்டு நோட்டு, மொய் நோட்டு, ரசீதுக் கட்டுகள் என்று பிரித்து வையுங்கள். அவர் கையெழுத்துக்கு ஒரு மாதிரியை எடுத்து நாள்வழியோடு ஒப்பிடுங்கள். எந்த மாதத்தில் எழுத்து மாறுகிறதோ, அது அவர் பொறுப்பேற்ற காலத்துக்கு வலுவான சான்று. குடும்பத்தார் சொல்லும் வருடத்தைவிட உறுதியானது. கணக்குப்பிள்ளை எழுதிய கடையானால், பக்கக் கடைசியில் கூட்டுத்தொகையைச் சரிபார்த்த குறியையோ சுருக்கொப்பத்தையோ தேடுங்கள்.

தேதி போடுவதில்தான் தவறுகள் அதிகம் வரும். பழைய கணக்கில் தமிழ் வருடம் இருக்கும். ‘சார்வரி வருடம் தை’ என்றால் 1960 அல்ல, 1961. சித்திரையில் தொடங்கும் வருடத்தின் தை, மாசி, பங்குனி மாதங்கள் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். மார்கழியின் பின்பாதியும் அப்படியே. தொண்ணூறு வயதுக்காரர் ஒரே வருடப் பேரை இரண்டு முறை கண்டிருப்பார்: பவ வருடம் 1934-35இலும் வந்தது, 1994-95இலும் வந்தது. கணக்கு அணாவிலா காசிலா என்று பார்த்தால் குழப்பம் தீரும். 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா. 1964 முதல் ‘நயா’ போய்விட்டது. பழக்கத்தால் 1957க்குப் பிறகும் சில வருடம் அணாக் கணக்கு எழுதிய கடைகள் உண்டு என்பதையும் மனதில் வையுங்கள்.

தேதியில்லாத பில், லெட்டர்பேடுக்கு வேறு அடையாளங்கள் இருக்கின்றன. ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தையது. ‘மதராஸ் மாநிலம்’ என்றிருந்தால் அச்சடித்தது 1969 ஜனவரிக்கு முன். திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை ஆகியவை தனி மாவட்டமாக அச்சாகியிருந்தால் 1985க்குப் பின். பதினைந்து எழுத்து ஜிஎஸ்டி எண் இருந்தால் 2017 ஜூலைக்குப் பின். இரண்டு அடையாளங்கள் முரண்பட்டால் பிந்தையதை எடுங்கள். பழைய பில் புத்தகம் தீரும்வரை ஓட்டியிருப்பார்கள்.

நிறுத்தல் அளவை மாற்றும்போது ஒரு வீசை 40 பலம், ஏறத்தாழ 1.4 கிலோ. ஒரு சேர் 8 பலம், 280 கிராம். மணங்கு 8 வீசை, 11.2 கிலோ. படியை மட்டும் லிட்டராக்க வேண்டாம். ஊருக்கு ஊர் மாறும் அளவு அது. ‘மூன்று படி’ என்றே விடுங்கள். அந்தக் கால ரூபாயையும் இன்றைய ரூபாயாக மாற்றிக் காட்டாதீர்கள். அதே பக்கத்தில் இருக்கும் ஒரு மூட்டை அரிசியின் விலையையோ கடைப் பையனின் மாதச் சம்பளத்தையோ பக்கத்தில் கொடுத்தால் வாசகருக்கு மதிப்புப் புரியும்.

கடன் நோட்டுக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். ஊர் மீது அவருக்கிருந்த அக்கறை கல்வெட்டில் தெரிவதைவிட இங்கே தெளிவாகத் தெரியும். கோடு போட்டு அடித்த வரி ஒவ்வொன்றும் வசூலான கடன் அல்ல. அடித்த தேதியை நாள்வழியின் வரவுப் பக்கத்தில் தேடுங்கள். அதே தொகை வரவில் இருந்தால் கடன் தீர்ந்தது. வரவே இல்லாமல் வரி அடிபட்டிருந்தால் தள்ளிவிட்டார் என்று கொள்ளலாம், ஆனால் நெல்லாகவோ வேலையாகவோ கழித்திருக்கவும் கூடும். அவரிடமோ பழைய வேலையாளிடமோ கேட்டு உறுதி செய்யுங்கள். மழை பொய்த்த வருடங்களில் இப்படி அடித்த வரிகள் கூடுகின்றனவா என்று வருடவாரியாக எண்ணிப் பாருங்கள். கடன்பட்டவர் பேரை ஒருபோதும் அச்சில் போடக் கூடாது. அவர்கள் பேரப்பிள்ளைகள் அதே தெருவில் இருக்கிறார்கள்.

தர்மத்தை எழுதும்போது ‘வள்ளல்’, ‘கருணைக் கடல்’ போன்ற சொற்களை விலக்குங்கள். என்ன கொடுத்தார், எந்த வருடத்திலிருந்து, எந்தக் கணக்கிலிருந்து, எப்போது நின்றது, ஏன் நின்றது என்பவை போதும். சித்திரை வெயிலில் நீர்மோர்ப் பந்தல் வைத்தார் என்றால் தினம் எத்தனை குடம், மோர் யார் வீட்டில் கடைந்தது என்று கேளுங்கள். பள்ளி பெஞ்சு, கோயில் டியூப்லைட், அண்டா ஆகியவற்றில் ‘உபயம்’ என்று யார் பேர் இருக்கிறது என்று நேரில் போய்ப் பாருங்கள். பணம் அவருடையதாகவும் பேர் கணவருடையதாகவும் இருப்பது வழக்கம். கடைச் செலவுக் கணக்கில் அந்தத் தொகை எழுதப்பட்டிருந்தால் இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். மகமை, அதாவது வியாபாரிகள் சரக்குக்கு இவ்வளவு என்று பொதுக் காரியத்துக்குக் கொடுக்கும் பணம், வழக்கமுள்ள ஊரானால் அதன் ரசீதுகளை விடாதீர்கள். விருதுநகரின் சத்திரிய வித்தியாசாலை அப்படிச் சேர்ந்த மகமைப் பணத்தில் எழுந்த பள்ளி. மூட்டைக்கு இவ்வளவு என்று வசூலித்த ஊரில், ரசீதுத் தொகையை அந்த விகிதத்தால் வகுத்தால் கடைக்கு எத்தனை மூட்டை வந்தது என்பதும் தெரிந்துவிடும்.

பேட்டியைக் காகிதம் பார்த்து முடித்த பிறகே வையுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் கடை ஓய்ந்திருக்கும் நேரம் நல்லது. ஒரு தடவைக்கு முக்கால் மணிக்கு மேல் வேண்டாம். போனை விமானப் பயன்முறையில் போட்டு, மடித்த துண்டின் மேல் வைத்தால் மேசை அதிர்வு பதிவாகாது. ‘எப்படிச் சாதித்தீர்கள்?’ என்று கேட்டால் மேடைப் பேச்சுதான் வரும். ‘முதல் சரக்கு யாரிடம் எடுத்தீங்கம்மா? ரொக்கமா, தவணையா? தராசு யார் வாங்கினது? பிரசவத்தப்போ கல்லாவில் யார் உட்கார்ந்தா?’ என்று கேளுங்கள். நோட்டையே கையில் கொடுத்தால் விரல் வைத்துப் படிக்கும்போது நினைவு தானாக வரும். மகன், மருமகள் கூட இருந்தால் அவர்களே பதில் சொல்லிவிடுவார்கள், ஒரு தடவையாவது தனியாகப் பேசுங்கள். சொத்துப் பிரிவினை பற்றிய பேச்சு வந்தால் பதிவை நிறுத்திவிட்டு, எழுதலாமா என்று கேளுங்கள்.

அச்சுக்கு மூன்று பாரம், அதாவது 48 பக்கம், சரியான அளவு. படங்களுக்கு எட்டு, முன்பக்கங்களுக்கு நான்கு கழித்தால் 36 பக்கம்; பக்கத்துக்கு 200 சொல் என்றால் 7,200 சொல். பழைய சிறு படங்களை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். படத்தில் இருப்பவர்களை இடமிருந்து வலம் பேர் சொல்லச் செய்து அன்றே எழுதுங்கள். அச்சுக்குக் கொடுக்குமுன் முழுவதையும் அவருக்கு வாசித்துக் காட்டி, அவர் திருத்துவதைத் தனி மையில் குறியுங்கள். நோட்டுகளை லேமினேட் செய்யவோ செலோடேப் ஒட்டவோ வேண்டாம், பசை தாளைத் தின்றுவிடும். பருத்தித் துணியில் சுற்றி, தரையைவிட்டு உயரமாக, ஈரச் சுவரில் சாயாமல் வையுங்கள். புத்தகத்தில் இரண்டு பிரதிகளை ஊர்க் கிளை நூலகத்துக்கும், ஒன்றை அவர் பெஞ்சு கொடுத்த பள்ளிக்கும் கொடுங்கள்.