மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையா? அடுத்ததைத் தேர்ந்தெடுக்கும்போது சறுக்கும் இடங்கள்

எங்கள் வேளச்சேரி பிளாட்டில் பெண்களின் ஆலோசனைக் கூட்டமெல்லாம் மொட்டை மாடியில்தான். துணி காயப்போட வந்த கீழ் வீட்டுப் பெண் குரலைத் தாழ்த்தி, "அக்கா, கருத்தடை மாத்திரை எனக்கு ஒத்துக்கல. வேற என்ன பண்ணலாம்?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டு பதில்கள் வந்துவிட்டன. "காப்பர் டி போட்டுக்கோ, எட்டு வருஷமா எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல" என்றார் ஒருவர். "அய்யோ வேணாம்மா, என் நாத்தனார் போட்டுட்டு ரத்தம் நிக்காம படாத பாடு பட்டா" என்றார் இன்னொருவர். இருவரும் சொன்னது உண்மைதான். ஆனால் கேட்டவளின் உடம்பைப் பற்றி இருவருக்கும் ஒன்றும் தெரியாது.

பெரும்பாலும் தவறு இங்கேதான் தொடங்குகிறது. மாத்திரை ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்று யாரும் கேட்பதில்லை. அந்த ஒரு கேள்வியில் பாதி முடிவு இருக்கிறது. தினமும் மறந்துபோகிறது என்றால், நினைவில் வைக்கத் தேவையில்லாத முறைகள் எல்லாமே சரி. மனம் கனத்துப் போகிறது, எரிச்சல் வருகிறது என்றால் கருத்தடை ஊசிக்குப் போகும் முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும். மாத்திரையை நாளையே நிறுத்தலாம், போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. காசநோய்க்கு ரிஃபாம்பிசினோ, வலிப்புக்கு ஃபெனிட்டாயின், கார்பமாசெபினோ சாப்பிடுகிறவர்களுக்கு மாத்திரையின் பலன் குறைந்துவிடும், கையில் தோலுக்கடியில் வைக்கும் ஹார்மோன் குச்சியான இம்ப்ளான்ட்டுக்கும் அதே கதிதான். கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர் டிக்கு அந்தச் சிக்கல் கிடையாது.

கீழ் வீட்டுப் பெண்ணுக்கு என்ன பிரச்சினை? தலைவலி. "வெறும் தலைவலியா?" என்று கேட்டதும் சொன்னாள்: வலி வருவதற்கு முன்னால் கண்ணோரம் கோணல்மாணலாக வெளிச்சம் ஓடுமாம். கேட்ட எனக்குப் பகீரென்றது. அப்படி வெளிச்சம் தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் உள்ள மாத்திரையைத் தொடவே கூடாது, பக்கவாத அபாயம் கூடும். ரத்த அழுத்தம் அதிகமுள்ளவர்கள், காலில் ரத்தம் உறைந்த அனுபவம் உள்ளவர்கள், 35 வயதைத் தாண்டிப் புகைபிடிப்பவர்கள் விஷயமும் இதே மாதிரிதான். அவள் இத்தனை நாள் ஒரு டாக்டரிடமும் இதைச் சொல்லவில்லை. "தலைவலிதானே" என்று விட்டிருக்கிறாள்.

சரி, காப்பர் டிக்கு வருவோம். வயதான பெண்கள் இன்னும் இதை 'லூப்' என்பார்கள், 1960களில் வந்த பழைய சாதனத்தின் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடும் 380ஏ வகை 10 ஆண்டு வரை வேலை செய்யும், 375 வகை 5 ஆண்டு. முதல் வருடத்தில் இது தவறுவது 100 பேரில் ஒருவருக்கும் குறைவு. இதில் ஹார்மோன் கிடையாது, அதனால் "உடம்பு போட்டுடும்" என்ற பயத்துக்கு அடிப்படையே இல்லை. நெஞ்சுக்கு ஏறிவிடும், துருப்பிடிக்கும் என்பதும் கதைதான். குழந்தை பெறாதவர்களும் போட்டுக்கொள்ளலாம்.

அதற்காக எல்லோருக்கும் இதையே நீட்டுவதும் தவறு. காப்பர் டி போட்ட முதல் மூன்று முதல் ஆறு மாதம் உதிரப்போக்கும் வயிற்று வலியும் கூடுவது சகஜம். முன்பே ஒரு நாளைக்கு ஆறு நாப்கின் மாற்றுகிறவர், கர்ப்பப்பையில் கட்டி இருப்பவர், ஹீமோகுளோபின் 8, 9 என்று ஓடுகிறவர் இதைப் போட்டால் படாத பாடுதான். மாடியில் பேசப்பட்ட அந்த நாத்தனாருக்குப் பிறகு ஸ்கேனில் கட்டி தெரிந்ததாம். குற்றம் காப்பர் டியிலா, போடும் முன் கேட்காத கேள்வியிலா? அப்படிப்பட்டவர்களுக்கு காப்பர் டி போலவே கர்ப்பப்பைக்குள் வைக்கும், ஆனால் ஹார்மோன் சுரக்கும் சாதனம் நேர்மாறாக உதிரப்போக்கைக் குறைக்கும். தனியாரில் விலை கூடுதல், அதை மறைப்பதற்கில்லை.

இன்னொன்று. பிரசவம் ஆன 48 மணி நேரத்துக்குள் காப்பர் டி போடும் வழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் வலியில் துடிக்கும் நேரத்தில் கேட்கும் சம்மதம் சம்மதமாகாது, எட்டாம் மாதச் செக்கப்பிலேயே பேசி முடிவெடுத்துவிட வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியைத் தூக்கிப் பரணில் போடும் முன் ஒருமுறை படியுங்கள். போட்டார்களா, எந்த வகை, எந்தத் தேதி என்று அதில் இருக்க வேண்டும்.

அந்தரா என்ற கருத்தடை ஊசி விஷயத்தில் நானே சறுக்கியவள். 2017 முதல் அரசுத் திட்டத்தில் வருகிறது, மூன்று மாதத்துக்கு ஒன்று, இலவசம். இரண்டு ஊசிக்குப் பிறகு எனக்கு மாதவிடாயே நின்றுவிட்டது. "கெட்ட ரத்தம் வெளியே போகாம உள்ளேயே தங்கிடும்டி" என்று பெரியம்மா கஷாயம் வைத்துக் கொடுத்தார். அப்படி எதுவும் தங்குவதில்லை. கர்ப்பப்பையின் உள்படலம் தடிமனாக வளராததால் வெளியேற ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். என் உண்மையான தவறு வேறு. அடுத்த வருடமே இரண்டாவது குழந்தை வேண்டும் என்று மனதில் வைத்துக்கொண்டு ஊசி போட்டேன். கடைசி ஊசிக்குப் பிறகு கரு தங்கும் நிலைக்கு உடம்பு திரும்பச் சராசரியாக ஏழு முதல் பத்து மாதம் பிடிக்கும். போட்ட இடத்தில் இதை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சீக்கிரம் குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு, எடுத்த உடனே பழைய நிலைக்குத் திரும்பும் காப்பர் டியே மேல்.

ஆணுறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை என்று நினைப்போம். ஆனால் அதில்தான் நம்மூர்த் தவறுகள் குவிந்து கிடக்கின்றன. தேங்காய் எண்ணெய்! அது பட்ட சில நிமிடங்களிலேயே ரப்பர் பலமிழந்து கிழியும். பேபி ஆயிலும் வாசலினும் அப்படித்தான். தண்ணீர் அல்லது சிலிகான் அடிப்படையிலான ஜெல்தான் சரி. அப்புறம் சென்னை மே மாத வெயிலில் ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் இரண்டு மாதம் வெந்த பாக்கெட்டை நம்பக் கூடாது, பர்ஸுக்குள் நசுங்கியதையும்தான். பலர் பயன்படுத்தும் விதத்தில் பார்த்தால் ஆண்டுக்கு 100 ஜோடிகளில் 13 பேருக்குக் கரு தங்குகிறது, ஒவ்வொரு முறையும் சரியாகப் போட்டால் 2 பேருக்கு. இரண்டுக்கும் நடுவில் இருப்பது "இன்னிக்கு ஒரு நாள் பரவாயில்ல". ஆனாலும் பால்வினை நோயைத் தடுப்பது இது ஒன்றுதான். காப்பர் டியோ ஊசியோ அதைச் செய்யாது.

'சேஃப் நாள்' கணக்கில் நடக்கும் தவறு, பதினான்காம் நாள் என்று காலண்டரில் வட்டம் போடுவது. கருமுட்டை வெளிவருவது அடுத்த மாதவிடாய்க்குச் சுமார் 14 நாள் முன்னால். அடுத்தது எப்போது என்று முன்கூட்டியே தெரிந்தவர் யார்? விந்தணு வேறு உள்ளே ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். மாதம் ஒழுங்காக வராதவர்கள், சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை (பிசிஓஎஸ்) உள்ளவர்கள் இந்தக் கணக்கை மறந்துவிடுவது நல்லது. பால் கொடுத்தால் கரு தங்காது என்பதும் மூன்று நிபந்தனையோடுதான்: குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக் கூடாது, மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே. ராத்திரி ஒரு பாட்டில் பவுடர் பால் நுழைந்தாலே கணக்கு குழம்பிவிடும்.

ஏதாவது தவறினால் அவசர மாத்திரை இருக்கிறதே என்று இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் இருப்பது சென்னையில். மற்ற ஊர்களில் சாதாரணமாகக் கிடைப்பது இங்கே பல மெடிக்கல் ஷாப்பில் "இல்லீங்க" என்ற பதிலோடு முடிந்துவிடுகிறது. கருக்கலைப்பு மாத்திரையோடு குழப்பிக்கொண்டு ஒரு முறைப்பு வேறு. ஏற்கெனவே தங்கிய கருவை அது கலைக்காது என்று கவுன்டரில் நின்று வாதாடவா முடியும்? உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டிய ஒன்றைத் தேடி மூன்று ஏரியா சுற்றுவதை விட, பலருக்குத் தெரியாத வழி ஒன்று இருக்கிறது. ஐந்து நாளுக்குள் காப்பர் டி போட்டுக்கொண்டால் அது அவசர மாத்திரையை விட உறுதியாகத் தடுக்கும். அப்படியே பத்து வருடப் பாதுகாப்பும் ஆகிவிடும்.

'ஃபேமிலி பிளானிங் பண்ணியாச்சு' என்று நம்மூரில் சொன்னால் பெண்ணுக்கு ஆபரேஷன் ஆகிவிட்டது என்றுதான் அர்த்தம். தமிழ்நாட்டில் பிள்ளை பெறும் வயதிலுள்ள திருமணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். ஆண்கள் ஒரு சதவீதம்கூட இல்லை. 1950களிலேயே ஆண்களுக்கான ஆபரேஷனுக்கு ஊக்கத்தொகை கொடுத்தது இதே மதராஸ் மாநிலம்தான் என்றால் இன்று யார் நம்புவார்கள்! 1975-77 நெருக்கடி நிலைக் காலத்துக் கட்டாய ஆபரேஷன்கள் நாடெங்கும் அதன் பேரைக் கெடுத்துவிட்டன. ஆண்களுக்கான ஆபரேஷன் கத்தியில்லாமல் சிறு துளை போட்டுச் செய்வது, இடத்தை மட்டும் மரக்கச் செய்தால் போதும், அன்றே வீட்டுக்கு வரலாம். ஆண்மையும் குறையாது, பலமும் குறையாது. பெண்ணுக்கு வயிற்றைத் திறப்பதை விட எல்லா விதத்திலும் எளிது. இருந்தும் வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தால் ரிமோட்டைத் தேட ஆரம்பிக்கிறார்கள்.

அதைச் செய்துகொண்ட ஆண்கள் செய்யும் தவறு, மறுவாரமே எல்லாம் முடிந்தது என்று நினைப்பது. மூன்று மாதம் வரை வேறு பாதுகாப்பு வேண்டும், பிறகு விந்துப் பரிசோதனையில் அணுக்கள் இல்லை என்று தெரிந்தால்தான் நம்பலாம். பெண் ஆபரேஷனிலும் முழு உத்தரவாதம் கிடையாது, 1000 பேரில் ஐந்து பேருக்கு முதல் வருடத்திலேயே தவறலாம். அப்போது கரு கருக்குழாயிலேயே தங்கும் ஆபத்து அதிகம். நாள் தள்ளினால் "எனக்குத்தான் ஆபரேஷன் ஆயிடுச்சே" என்று உட்கார்ந்திருக்காமல் உடனே பார்க்க வேண்டும். இருபத்திமூன்று வயதில் இரண்டாவது பிரசவத்தோடு சேர்த்துக் கருக்குழாயைக் கட்டிவிட அவசரப்படும் குடும்பங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். அதை அவிழ்ப்பது பெரிய ஆபரேஷன், பலன் நிச்சயமில்லை. பத்து வருடம் காப்பர் டி போட்டாலும் அவளுக்கு முப்பத்திமூன்றுதான்.

கணவர் கையெழுத்து இல்லாமல் காப்பர் டி போட மாட்டார்கள் என்று கீழ் வீட்டுப் பெண் நம்பிக்கொண்டிருந்தாள். தேவையில்லை. பெண் ஆபரேஷனுக்கே அரசு வழிகாட்டுதல்படி கணவரின் சம்மதம் கட்டாயமில்லை. மாநகராட்சியின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம், இல்லையென்றால் எழும்பூர் மகப்பேறு ஆஸ்பத்திரி, திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி, ராயபுரம் ஆர்எஸ்ஆர்எம் ஆஸ்பத்திரி எதற்கு வேண்டுமானாலும் போகலாம் என்றேன். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு எடுத்துவிட வேண்டும், அது ஒன்றுதான் கஷ்டம்.

அவள் கோஷாவுக்குப் போனாள். தலைவலியோடு வரும் வெளிச்சத்தை இந்த முறை மறைக்காமல் சொன்னாள். ஹீமோகுளோபின் பார்த்தார்கள், 11.5. காப்பர் டி போட்டுக்கொண்டாள். ஒரு மாதம் கழித்து காப்பர் டியின் அடியில் தொங்கும் நூல் இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க மறுபடி போய் வந்தாள். முதல் இரண்டு மாதவிடாயும் கொஞ்சம் பாடுபடுத்தின, மூன்றாவது பரவாயில்லையாம். போட்ட தேதியையும் எடுக்க வேண்டிய வருடத்தையும் பீரோ கதவின் உட்புறம் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறாள், கேஸ் புக் நம்பருக்குக் கீழே.