டொம்கெட்டுக்குள்ளேயே ஒரு மெசேஜ் புரோக்கர்: புதியவர்களுக்கான செய்முறை

புறக்கோட்டையில் ஒரு துணி மொத்தக் கடைக்கு ஓடர் எடுக்கும் செயலி எழுதிக் கொடுத்தேன். ஜாவா வலைச் செயலிகளை ஓடவிடும் சேர்வரான டொம்கெட்டில் ஓடும் சாதாரண செயலிதான். ஓடரைச் சேமித்ததும் வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ் போகும். எஸ்எம்எஸ் சேவை மந்தமான நேரங்களில் திரை அப்படியே நின்றுவிடும். கல்லாவுக்கு முன்னால் ஆட்கள் காத்து நிற்பார்கள். சேமிப்பது ஒரு வேலை, எஸ்எம்எஸ் அனுப்புவது வேறு வேலை. நடுவில் ஒரு வரிசை வைத்தால் இரண்டும் பிரிந்துவிடும்.

அந்த வரிசையைக் கவனிப்பதுதான் மெசேஜ் புரோக்கர். இவ்வளவு சின்ன வேலைக்குத் தனி சேர்வர் வேண்டாம். அக்டிவ்எம்கியூ என்ற புரோக்கர் ஜாவாவிலேயே எழுதப்பட்டது. அதை உங்கள் செயலிக்குள் ஒரு ஒப்ஜெக்டாக உருவாக்கி ஓடவிடலாம்.

படி 1: பதிப்பைப் பொருத்துதல்

டொம்கெட் 9 என்றால் அக்டிவ்எம்கியூ 5, டொம்கெட் 10.1 என்றால் அக்டிவ்எம்கியூ 6. பின்னதற்கு ஜாவா 17 தேவை. டொம்கெட் 10இலிருந்து பக்கேஜ் பெயர்கள் ஜகார்த்தா என்று மாறிவிட்டதால், கலந்து போட்டால் தலையிடிதான். செயலிக்குத் தேவையான நூலகங்களைப் பட்டியலிடும் மேவன் கோப்பில் அக்டிவ்எம்கியூவின் புரோக்கர், மெசேஜ்களை டிஸ்க்கில் சேமிக்கும் காஹாடிபி ஸ்டோர் ஆகிய இரண்டு பகுதிகளையும் சேருங்கள்.

படி 2: தொடக்கி வைத்தல்

சேர்வ்லெட் கொன்டெக்ஸ்ட் லிசனர் ஒன்றை எழுதுங்கள். செயலி ஏறும்போது ஒரு மெத்தடும் இறங்கும்போது இன்னொரு மெத்தடும் அதில் ஓடும். ஏறும் மெத்தடில் புரோக்கர்சேர்விஸ் ஒப்ஜெக்டை உருவாக்கி, ஆங்கில எழுத்தில் சின்னப் பெயர் ஒன்று கொடுங்கள். தரவுக் கோப்புறைக்கு முழுப் பாதையையும் எழுதுங்கள். அது டொம்கெட்டின் வெப்அப்ஸ் கோப்புறைக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே வைத்தால், செயலியை நீக்கும்போது மெசேஜ்களும் சேர்ந்து அழிந்துவிடும். அப்புறம் ஷட்டவுன் ஹுக்கை, அதாவது ஜாவா மூடும்போது புரோக்கர் தானாகவே நிற்கும் வசதியை, நிறுத்திவிட்டு ஸ்டார்ட் கொடுங்கள். நிறுத்துவதை நாமே படி 4இல் செய்வோம்.

வெளியே போர்ட் எதையும் திறக்காதீர்கள். அக்டிவ்எம்கியூவின் வழக்கமான போர்ட் 61616. அந்த வழியாக வெளியாள் தன் கட்டளைகளை ஓடவிடக்கூடிய மோசமான ஓட்டை ஒன்று 2023 ஒக்டோபரில் வெளிவந்தது. 5.18 வரிசையில் 5.18.3இல்தான் அது அடைக்கப்பட்டது. ஒரே செயலிக்குள் பேசிக்கொள்ள அந்த போர்ட்டே தேவையில்லை.

படி 3: இணைதல்

இணைப்பு முகவரி இப்படி இருக்கும்: விஎம், முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, புரோக்கரின் பெயர். அதோடு கேள்விக்குறி போட்டு ‘கிரியேட் சமம் ஃபோல்ஸ்’ என்றும் சேருங்கள். இதை நான் முதலில் விட்டுவிட்டேன். பெயரில் ஓர் எழுத்துப் பிழை. அந்தப் பிழையான பெயரிலேயே இரண்டாவது புரோக்கர் சத்தமில்லாமல் உருவாகிவிட்டது. ஓடர்கள் அங்கே போக, எஸ்எம்எஸ் பகுதி இங்கே வெறும் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அரை நாள் அதிலேயே போனது.

மெசேஜை எடுக்கும் செஷனை டிரான்ஸாக்டட் ஆக்குங்கள்; அப்போது வேலை முடிந்தது என்று நீங்கள் கொமிட் செய்யும்வரை மெசேஜ் வரிசையிலிருந்து நீங்காது. எஸ்எம்எஸ் போகாதபோது ரோல்பேக் செய்து எடுத்ததை ரத்தாக்கினால் மெசேஜ் திரும்ப வரும். இயல்பாக 6 தடவை, ஒரு செக்கன் இடைவெளியில் முயன்றுவிட்டு அதைத் தனி வரிசையில் ஒதுக்கிவிடும். எஸ்எம்எஸ் சேவை விழுந்தால் சில செக்கனில் எழும்பாது. ஆகவே இடைவெளியைக் கூட்டி வையுங்கள்.

படி 4: நிறுத்துதல்

புதியவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் இதுதான். புதிய பதிப்பை ஏற்றும்போது டொம்கெட் பழைய செயலியைத்தான் இறக்கும். நீங்கள் தொடக்கிய புரோக்கரை அது அறியாது. பழைய புரோக்கர் அதே ஜேவிஎம்மில் (டொம்கெட்டை ஓடவிடும் ஜாவா புரொசஸில்) ஓடிக்கொண்டு, தரவுக் கோப்புறையில் லொக் என்ற கோப்பைப் பிடித்துவைத்திருக்கும். புதிய புரோக்கர் வந்து கதவைத் தட்டும். பதிவுக் கோப்பில் 10 செக்கனுக்கு ஒரு தடவை, தரவுத்தளம் பூட்டியிருக்கிறது, காத்திருக்கிறேன் என்று வரி விழுந்துகொண்டே இருக்கும். செயலி மட்டும் எழும்பாது.

அதனால் இறங்கும் மெத்தடில் வரிசைக்கிரமமாக மூடுங்கள். முதலில் மெசேஜ் எடுக்கும் கன்சியூமர், பிறகு இணைப்பு, கடைசியில் புரோக்கர். ஸ்டொப் கொடுத்ததோடு விடாமல், வெயிட் அன்டில் ஸ்டொப்ட் மெத்தடையும் அழைத்து, அது உண்மையாகவே நிற்கும்வரை காத்திருங்கள்.

படி 5: சோதித்தல்

கன்சியூமரை நிறுத்திவிட்டு ஐந்து ஓடர் போடுங்கள். டொம்கெட் புரொசஸை வலுக்கட்டாயமாகக் கொல்லுங்கள். திரும்ப ஏற்றிக் கன்சியூமரைத் தொடக்கினால் ஐந்தும் வர வேண்டும். காஹாடிபி ஒவ்வொரு மெசேஜையும் டிஸ்க்கில் எழுதி வைப்பதால்தான் இது முடிகிறது. 2022இல் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை கரண்ட் போனதைப் பார்த்த நமக்கு இந்தச் சோதனை மிக முக்கியம்.

நாளைக்கு இரண்டாவது டொம்கெட் போட வேண்டி வந்தால், இரண்டுக்கும் தனித்தனி புரோக்கர் ஆகிவிடும். ஒன்றின் மெசேஜ் மற்றதற்குத் தெரியாது. அப்போது புரோக்கரை வெளியே தனி சேர்வராக எடுத்துவிட்டு, முகவரியில் விஎம் இருந்த இடத்தில் டிசிபி முகவரியைப் போடுங்கள். அனுப்பும் நிரலும் எடுக்கும் நிரலும் அப்படியே ஓடும்.