சைக்கிள் பாதை போட்டும் யாரும் சைக்கிள் ஓட்டவில்லையா?

லண்டனுக்கு வடக்கே ஸ்டீவனேஜ் என்றொரு ஊர். 1946-ல் புதுநகரமாக அறிவிக்கப்பட்டது. அதன் தலைமைப் பொறியாளர் எரிக் கிளாக்ஸ்டன் வேலைக்கே சைக்கிளில் போனவர். அகலமான தனிப்பாதைகள், சாலைக்கு அடியில் சுரங்கவழிகள் என்று பார்த்துப் பார்த்துச் செய்தார். ஆனால் ஊர்க்காரர்கள் காரில்தான் போனார்கள். காரணம் எளிது: காருக்கும் அதே அளவு அருமையான சாலை போட்டிருந்தார்கள். வாசலில் ஏறினால் நெரிசலே இல்லாமல் போய் இறங்கலாம் என்றால் யார் பெடல் மிதிப்பார்கள்?

குடியிருப்பு வடிவமைப்பவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான். நெதர்லாந்தில் உட்ரெக்ட் அருகே உள்ள ஹௌட்டன் இதைத் தவிர்த்தது. அங்கே ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குக் காரில் போக வேண்டுமானால், ஊரைச் சுற்றியுள்ள வட்டச்சாலைக்கு வெளியேறி, சுற்றிக்கொண்டு மறுபடி உள்ளே வர வேண்டும். சைக்கிள் நடு ஊர் வழியாக நேராகப் போய்விடும். காருக்குத் தடை ஒன்றும் இல்லை, சுற்றுவழி மட்டும்தான்.

அடுத்தது பார்க்கிங். வீட்டோடு ஓர் இடத்தைச் சேர்த்து விற்றால், கார் இல்லாதவரும் அதற்குக் காசு கொடுக்கிறார். கொடுத்துவிட்டோமே என்று கார் வாங்கவும் செய்கிறார். ஜெர்மனியின் ஃபிரைபுர்க் நகரில், 1992-ல் பிரெஞ்சுப் படை காலி செய்த முகாமில் எழுந்த வோபான் குடியிருப்பில் பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டையும் பிரித்தார்கள். கார் வேண்டுவோர் ஓரத்தில் உள்ள அடுக்குமாடி நிறுத்தத்தில் தனியாக இடம் வாங்க வேண்டும். ஒரு காலத்தில் அதன் விலை சுமார் 18,000 யூரோவாக இருந்தது. ஆனால் வீட்டுக்கு ஓர் இடம் வேண்டும் என்று மாநிலச் சட்டம் சொல்லியது. அதற்கும் வழி கண்டார்கள். கார் வைத்திருக்கவில்லை என்று எழுதிக் கொடுப்பவர்கள், பின்னாளில் தேவைப்பட்டால் நிறுத்தம் கட்ட ஒதுக்கிய நிலத்தில் ஒரு பங்குக்கு மட்டும் பணம் கட்டினால் போதும். அந்த நிலம் இப்போது பசுமைத் திடலாகக் கிடக்கிறது. எழுதிக் கொடுத்துவிட்டுப் பக்கத்துத் தெருவில் காரை நிறுத்துபவர்களும் உண்டு என்ற புகார் இல்லாமல் இல்லை. சுற்றுப்புறத் தெருக்களையும் கணக்கில் சேர்க்காவிட்டால் இப்படித்தான் ஆகும்.

மூன்றாவது தவறு, மக்கள் குடிவந்து நெடுநாள் கழித்து ட்ராமைக் கொண்டுவருவது. வோபானுக்குக்கூட ட்ராம் 2006-ல்தான் வந்தது, அதுவரை பஸ்தான். அதே நகரின் ரீசல்ஃபெல்ட் என்ற இன்னொரு புதுக் குடியிருப்பில் 1997-லேயே ட்ராம் ஓடத் தொடங்கியது. அப்போது அங்கே குடியிருந்தவர்கள் சுமார் 1,000 பேர்தான். பின்னாளில் அது 10,000-ஐத் தொட்டது. காலிப் பெட்டிகளை ஓட்டுவது வீண்செலவு என்று கணக்குப்பிள்ளைகளுக்குத் தோன்றும். எனக்கு அது நல்ல முதலீடாகத்தான் தெரிகிறது. குடிவந்த முதல் வாரத்தில் எதில் வேலைக்குப் போகிறோமோ, அதுவே பழகிவிடும். கார் வாங்கிய வீட்டில் பிறகு ட்ராமைக் காட்டிப் பயனில்லை.

கடை, பள்ளி தொலைவில் இருந்தால் மற்ற எல்லாம் வீண் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

கடைசியாக, சைக்கிளை எங்கே வைப்பது என்பதை மறப்பது. படியிறக்கித் தள்ள வேண்டிய இருட்டு அறையில் பூட்டினால் நாலு நாளில் தூசி படியும். ஹௌட்டன் ரயில் நிலையத்தில் தண்டவாளத்துக்கு நேர் கீழே 3,000 சைக்கிள்களுக்கு இடம் இருக்கிறது. சைக்கிளில் உள்ளே போய்ப் பூட்டிவிட்டு, படியேறினால் நடைமேடை.